யாரும் சாகவில்லை, ஆனாலும் வருத்தம்: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று இந்தக் கரையில் எங்கே உட்கார்ந்து பேசினாலும் சுற்றிச் சுற்றி வருகிற கேள்விகள் இவை. டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் கேட்டவை, லீவில் ஊருக்கு வந்தவர்கள் கேட்டவை. பதில்கள் என்னுடையவை. ஒப்புக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள், இருக்கட்டும்.

ஒரு பாலம் போனதற்கும் கிணறு தூர்ந்ததற்கும் வருத்தப்படுவது கொஞ்சம் அதிகமில்லையா?

அதிகமில்லை. சாவு என்றால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. பந்தல் போடுவார்கள், சொந்தம் கூடும். பதினாறாம் நாள் காரியம், நாற்பதாம் நாள் ஃபாத்திஹா என்று அழுவதற்கே நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். அப்பா கட்டிய வத்தைப் படகைப் பிரித்து விறகுக்குக் கொடுத்தவனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காதவனாக டீக்கடையில் போய் உட்கார வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1980-களின் கடைசியில் இந்த வகைத் துக்கத்தைப் பற்றி விரிவாக எழுதினார். ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் மனசுக்குள்ளேயே தங்கிவிடும், நாளடைவில் அந்த ஆள் தன்னையே சந்தேகப்பட ஆரம்பிப்பார் என்பது அதன் சாரம். "எனக்கு என்ன ஆச்சு, இதுக்குப் போய் அழறேனே" என்று நீங்கள் கேட்டுக்கொள்வதும் அந்தச் சந்தேகம்தான்.

புதுப் பாலம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பழைய பாம்பன் பாலத்தைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறதே?

அந்தப் பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறந்தது. 1988-ல் சாலைப் பாலம் வரும்வரை ராமேஸ்வரம் தீவுக்குள் போக வேண்டுமென்றால் ரயில், அதை விட்டால் படகு. கல்யாணப் பெண், பிரசவ வலி கண்டவள், அரிசி மூட்டை, மீன் கூடை எல்லாம் அந்த ஒற்றைத் தண்டவாளத்தின் மேல்தான் வந்தன, போயின. கப்பல் வந்தால் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையால் நெம்பிச் சுற்றித்தான் நடுத் தூக்கைத் திறப்பார்கள். 1964 புயலில் கர்டர்கள் பெரும்பாலும் கடலுக்குள் போய்விட்டன, தூக்குப் பகுதி மட்டும் அசையாமல் நின்றது. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் மறுபடி ரயிலை ஓட வைத்தார். பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய அதே ஸ்ரீதரன்தான்.

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் வந்தது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி மோட்டார் விசையில் அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. வேலை சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் எதற்குத் தொண்டை அடைக்கிறது? இரும்புக்காக இல்லை என்று நினைக்கிறேன். பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும். அந்த நேரத்தில் பெட்டியில் யாருக்கும் வேறு வேலை இருக்காது. தூங்கும் பிள்ளையை எழுப்பிக் கடலைக் காட்டுவார்கள், கடலில் காசு போடுவார்கள், அதுவரை முகம் கொடுத்துப் பேசாத எதிர் சீட்டுக்காரர் "எந்த ஊருங்க?" என்பார். காற்று மணிக்கு ஐம்பது சொச்சம் கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னலே கிடைக்காது, மண்டபத்திலேயே காத்துக் கிடக்க வேண்டும். அப்போது திட்டினோம். எல்லாருமாகச் சேர்ந்து சும்மா இருக்கிற நேரம் அது என்று அன்றைக்குத் தோன்றவில்லை. ரயில்வே அதற்கெல்லாம் டிக்கெட் போட்டதில்லை, அதனால் அது போனதும் எந்தக் கணக்கிலும் வராது.

தனுஷ்கோடி அழிந்தபோது நான் பிறக்கவே இல்லை. எனக்கு ஏன் அங்கே போனால் என்னவோ செய்கிறது?

வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்திருப்பீர்கள். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது, அதில் இருந்த யாரும் பிழைக்கவில்லை. அதற்கு முன்னால் தனுஷ்கோடி ஒரு துறைமுக ஊர். சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து இறங்கி, கப்பல் ஏறித் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. ஒரே டிக்கெட்டில் இலங்கை போன ஊரில் இன்று பாதி தேவாலயமும் ரயில் நிலையத்தின் நாலு சுவரும் நிற்கின்றன. பாட்டி அழுததைப் பார்த்த பிள்ளைக்குப் பாட்டியின் ஊர்மேல் பாசம் வருவதற்கு அந்த ஊர் இருந்தாக வேண்டும் என்றில்லை.

இதில் இன்னொரு இழப்பும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. 2017-ல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டார்கள். அதுவரை மணலிலும் தண்ணீரிலும் வேன் ஓட்டிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். எந்த இடத்தில் மணல் உள்வாங்கும், தண்ணீர் ஏறினால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பது அவர்கள் கையிலேயே இருந்த படிப்பு. இப்போது சொந்தக் காரில் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடலாம். சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே குடிசை போட்டு வாழ்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரி பக்கமானது அந்தச் சாலையால்தான்.

அப்பா காற்றைப் பார்த்தே கடலைச் சொல்வார். இப்போது தம்பி போனைப் பார்த்துவிட்டுப் போகிறான். அப்பா யாரிடமும் பேசுவதில்லை. என்ன செய்வது?

உங்கள் அப்பாவிடமிருந்து போனது வேலை இல்லை. தன்னைக் கேட்டுவிட்டுத்தான் படகு இறங்கும் என்ற மரியாதை போய்விட்டது.

அவருக்குத் தெரிந்தது சின்ன விஷயமில்லை. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடித்தால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடை பிடித்தால் அப்படியே தலைகீழ். ஒரு தீவின் இரண்டு பக்கமும் இரண்டு கடல் இருப்பதால் பாம்பன்காரர்கள் காற்றைப் பார்த்துத் துறை மாற்றித் தொழில் செய்தார்கள். கரையில் தெரியும் கோபுரத்தையும் பனங்கூட்டத்தையும் ஒரே கோட்டில் வைத்து நேற்று வலை போட்ட இடத்தை இன்று கண்டுபிடிப்பார்கள். ஜிபிஎஸ் கருவிக்கு அந்தக் கோபுரமும் வேண்டாம், அப்பாவும் வேண்டாம்.

"அந்தக் காலத்துல எப்படிப்பா இருந்துச்சு?" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்காதீர்கள். "நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். தம்பியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்: "நாளைக்குக் காத்து எப்பிடிப்பா திரும்பும்? போன்ல இப்படிப் போட்டிருக்கு." சரியோ தப்போ, அவர் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார். பாம்பனில் மீனவர்களுக்காகவே நடக்கும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியை வீட்டில் போட்டு வையுங்கள். அதில் சொல்லும் கடல் நிலவரத்தோடு சண்டை போடவாவது அவருக்கு ஓர் ஆள் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. கருவி வந்த பிறகு உயிர் பிழைத்தவர்கள் உண்டு. புயல் எச்சரிக்கை கைக்கு வருகிறது. அப்பாவின் மரியாதைக்காகத் தம்பி போனை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டாம்.

மீன் உண்மையிலேயே குறைந்துவிட்டதா, இல்லை பெருசுகள் மிகைப்படுத்துகிறார்களா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். ஆனால் பெருசுகள் பக்கம்தான் நியாயம் கூடுதல். 1960-களில் மீன்பிடியை நவீனமாக்கும் இந்தோ நார்வே திட்டம் மண்டபம் வரை வந்தது, விசைப்படகும் இழுவை மடி என்ற இழுவலையும் பெருகின. மடி அடியோடு வாரிக்கொண்டு வரும், குஞ்சு குளுவானும் சேர்ந்து வரும். பவளப் பாறையைச் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் வண்டி வண்டியாக எடுத்த காலமும் இருந்தது. 1986-ல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா வந்தது, 21 தீவுகள் அதற்குள் வந்தன. கடல் அட்டை பிடிக்க 2001-ல் தடை. 2016-ல் கடல் சூடாகிப் பவளம் வெளுத்தது. வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாள்தான் இருந்தது.

டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995-ல் ஒரு விஷயம் சொன்னார். ஒவ்வொரு தலைமுறையும் தான் தொழிலுக்கு வந்த அன்று பார்த்த கடலையே முழுக் கடல் என்று நினைத்துக்கொள்ளும், அதற்கு முன் போனது கணக்கிலேயே வராது என்றார். தம்பிக்குக் கூடையில் பாதி மீன் வந்தால் நல்ல நாள். அப்பாவுக்கு அது வெறுங்கை. இரண்டு பேரும் ஒரே கூடையைப் பார்த்துத்தான் சண்டை போடுகிறார்கள். அப்பா பொய் சொல்லவில்லை, அவர் பார்த்த கடல் வேறு.

அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு வருத்தம் வேறு மாதிரி. தட்டைக் காலில் கட்டிக்கொண்டு முங்கிப் பாசி பறித்தவர்கள் தீவில் இறங்கவே முடியாது என்று ஆகிவிட்டது. ஆனால் பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் என்ற ஊரின் பெண்கள் வெறும் வருத்தத்தோடு நின்றுவிடவில்லை. மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று அவர்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குக் கொடுக்கும் சீகாலஜி பரிசு கிடைத்தது.

வீட்டுக்குள் குழாய் வந்துவிட்டது. ஆனால் ஊற்றுக் கிணற்றடி ஞாபகம் விடமாட்டேன் என்கிறதே?

இதை யார் கேட்கிறார்கள் என்று பார்த்துத்தான் பதில் சொல்வேன். ஆண்கள் கேட்டால்: நீங்கள் எத்தனை குடம் சுமந்தீர்கள்? பெண்கள் கேட்டால் உட்கார்ந்து பேசலாம். மணலைத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரம்பும் வரைக்கும் மாமியார் காதுக்கு எட்டாத தூரத்தில் பேச முடிந்த ஒரே இடம் அது. காவிரிக் கூட்டுக் குடிநீர் இடுப்பு வலியைக் கொண்டுபோனது, அந்தப் பேச்சையும் சேர்த்துக் கொண்டுபோனது. மகளிர் குழுக் கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்தும் யாரும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறீர்களே, பழைய கிணற்றடி அங்கேதான் கூடுகிறது.

என் மாப்பிள்ளை (கணவர்) துபாயில் இருக்கிறார். தினமும் வீடியோவில் பேசுகிறோம். எங்கள் உம்மாவுக்கு மாதம் ஒரு கடிதம்தான் வந்தது. ஆனால் உம்மாதான் சந்தோஷமாக இருந்த மாதிரித் தெரிகிறது. ஏன்?

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இந்தக் கேள்வி இல்லாத தெரு குறைவு. உங்கள் வாப்பா எழுதும்போது ஒரு மாதத்தைத் திரட்டி எழுதினார். எதைச் சொல்வது, எதை விடுவது, எதைக் கடைசி வரியில் வைப்பது என்று யோசித்திருப்பார். சிலர் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். வீடே டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்கும், நடுவில் தொண்டை கட்டி அவர் நிறுத்துகிற இடம் வரைக்கும் எல்லாருக்கும் மனப்பாடம். உம்மா அதே கடிதத்தை லாத்தாவுக்கு (அக்காவுக்கு) ஒரு தரம், மாமிக்கு ஒரு தரம், தனியாகப் பல தரம் படித்திருப்பார். ஒரு கடிதம் ஒரு மாதம் நின்றது.

இப்போது "சாப்டியா?", "ம்", "பிள்ளை தூங்கிட்டானா?", "ம்" என்பதோடு முடிகிறது. அவர் முகம் தெரிகிறது, ஆனால் ஷிப்டு முடிந்த களைப்பும் சேர்ந்து தெரிகிறது. அதைப் பார்த்த பிறகு உங்கள் சங்கடத்தைச் சொல்ல வாய் வராது. கடிதத்தில் களைப்பை மறைத்துக்கொள்ள முடிந்தது.

அதற்காகக் கடிதத்துக்குத் திரும்புங்கள் என்று சொல்லமாட்டேன். உங்கள் உம்மாவும் அழுதுகொண்டுதான் இருந்தார், பிள்ளைகள் பார்க்காத நேரத்தில். பிள்ளை பிறந்த செய்தி வாப்பாவுக்குப் போய்ச் சேரப் பல நாள் ஆன காலம் அது. தந்தி வந்தால் பிரிக்கும் முன்னே அழுகை தொடங்கிவிடும். அந்தத் தந்தியையும் 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள், அதற்கு மட்டும் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. உங்களால் முடிந்தது இது: வெள்ளிக்கிழமை மட்டும் வீடியோ வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் போடட்டும், நீங்கள் ஒன்று போடுங்கள். எதிரில் முகம் இல்லாவிட்டால் சில பேச்சு தானாக வரும்.

போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. இறந்துபோன அம்மாவின் குரல் அதில்தான் இருந்தது. ஒரு போனுக்கு இப்படி அழுகிறாயா என்கிறார்கள்.

போனுக்கு அழவில்லை என்று அவர்களுக்கும் தெரியும், என்ன சொல்வது என்று தெரியாமல் சொல்கிறார்கள்.

அழுகையோடு கையோடு சில வேலைகளைப் பாருங்கள். அந்த போனை ஆன் செய்து பார்க்காதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். உப்புத் தண்ணீர் என்றால் பொறுக்காமல் அரிக்கும், எனவே அன்றைக்கே பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பதில் பலன் இல்லை. அடுத்தது, அம்மா பேசி அனுப்பிய மெசேஜ் உங்கள் போனில் மட்டும் இருந்திருக்காது. அக்காவுக்கு, சித்திக்கு, குடும்ப குரூப்புக்கு அனுப்பியிருப்பார். எல்லாரிடமும் கேளுங்கள், யாரும் எதையும் அழிக்க வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். பழைய போனில் வாட்ஸ்அப் பேக்கப் போட்டிருந்தால் அதே நம்பரைப் புதுப் போனில் போடும்போது திரும்பக் கிடைக்கலாம்.

இன்னும் போன் கெடாதவர்களுக்கு: அம்மாவுடைய பேச்சுப் பக்கத்தைத் திறந்து, எக்ஸ்போர்ட் சாட் என்பதை மீடியாவோடு சேர்த்துக் கொடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கும் ஒரு பென்டிரைவுக்கும் போட்டு வையுங்கள். இன்றைக்கே. நாளைக்கு என்று வைத்தால் நடக்காது.

பனையும் ஓலைக் கொட்டானும் போய்விட்டதே?

முழுக்கப் போகவில்லை. சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி இன்னும் காய்ச்சுகிறார்கள். பனை ஏற ஆள் இல்லாததுதான் பிரச்சினை. ஏறினவர்களைக் கேட்டால் தங்கள் பிள்ளை ஏறக் கூடாது என்பார்கள், அது அவர்கள் உரிமை. வருத்தம் இருந்தால் நல்ல கருப்பட்டிக்கு நல்ல விலை கொடுங்கள்.

பிள்ளைக்குக் கடல் வேண்டாம் என்று நாங்களே படிக்க வைத்தோம். அவன் சென்னைக்கு வேலைக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஆசைப்பட்டது நடந்ததற்கு அழலாமா?

தாராளமாக. இந்தக் கரையில் அதிகம் பேருக்கு இருக்கிற துக்கம் இதுதான், வெளியில் சொல்ல வெட்கப்படுவதும் இதைத்தான். கடலுக்குப் போனவர் வரும்வரை கரையில் நிற்கிற பொழுது என்ன என்று உங்களுக்குத் தெரியும். எல்லை தாண்டினதாகப் பிடித்துப் போய், படகும் போய், மாதக்கணக்கில் சிறையில் கிடந்தவர்களின் வீடு உங்கள் தெருவிலேயே இருக்கும். அது தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று முடிவு செய்ததில் தப்பில்லை. முடிவு சரி என்பதால் வலி இல்லாமல் போய்விடாது.

அவன் பக்கமும் ஒன்று இருக்கிறது. நீச்சலும் வலை பின்னலும் தெரிந்த பையன் அங்கே கம்ப்யூட்டர் முன்னால் எட்டாவது மாடியில் இருக்கிறான். "உனக்கென்னப்பா, ஏசி ரூமு" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தால் அவன் தன் வருத்தத்தை எங்கே கொண்டுபோய் வைப்பான்? தடைக்காலத்தில் அப்பாவைக் கொஞ்ச நாள் அவனிடம் அனுப்பி வையுங்கள். காசிமேட்டு மீன் விலையைப் பார்த்து இரண்டு பேரும் சேர்ந்து கொதிக்கட்டும்.

அப்படியென்றால் பழைய காலம்தான் நல்ல காலமா?

யாருக்கு? பொதுக் கிணற்றில் வாளி விட முடியாதவருக்கு இல்லை. பிரசவத்துக்குப் படகில் போனவளுக்கு இல்லை. ஓலைக்கூரை தீப்பிடித்துத் தெருவே எரிந்த குப்பத்துக்கு இல்லை. பழைய காலத்தில் எது போனதற்கு உங்களுக்கு வருத்தம் என்று ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள், அதைப் பேசலாம். மொத்தமாகப் பழைய காலம் வேண்டும் என்றால் நான் வரவில்லை.

இந்த வருத்தம் எப்போது வைத்தியத்துக்குப் போக வேண்டிய அளவு?

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் மனசு கவிழ்ந்தே கிடந்தால், தூக்கமும் பசியும் கெட்டால், பிடித்த எதிலும் பிடிப்பு இல்லையென்றால், குடி கூடினால் மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். 14416 என்ற எண்ணில், அரசின் டெலி மானஸ் மனநல உதவி மையத்தில், இரவும் பகலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

மனசுக்கு டாக்டர் என்றாலே இங்கே ஒரு பயம் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் வெந்து செத்தார்கள். அந்தச் செய்தியோடு வளர்ந்தவர்களுக்கு மனநோய் என்றால் சங்கிலி ஞாபகம்தான் வரும். அதே ஏர்வாடியில் பின்னால் துவாவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் கொடுக்கும் திட்டம் வந்தது. தர்காவுக்கும் போங்கள், கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போங்கள், மாத்திரையையும் விடாமல் சாப்பிடுங்கள். ஒன்றுக்கொன்று சண்டை இல்லை.

ஊர்ப் பெரியவர்கள் பேச்சைப் பதிவு செய்து வைக்க ஆசை. எப்படி ஆரம்பிப்பது?

போனிலேயே பதிவு செய்யலாம். காற்று இரைச்சல் விழும், அதனால் கரையில் வேண்டாம், வீட்டுக்குள் உட்காருங்கள். கையில் ஒரு பொருளோடு போங்கள்: பழைய தூண்டில், மங்கிய ரயில் டிக்கெட், துபாய்க் கடித உறை. முதல் கேள்வி அந்தப் பொருளைப் பற்றி இருக்கட்டும். மீன் பெயர், காற்றுப் பெயர், துறைப் பெயர் வரும்போது நிறுத்தித் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் மகன் வந்து "அப்பா, அது அப்படியில்லை" என்று திருத்தினால் அதையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்விடுங்கள், சாப்பிட்டுவிட்டால் தூங்கிவிடுவார்கள்.